தெற்கு ரதவீதியைத் தாண்டிய வயர்

ஜூன் 2, திங்கள்

இன்று வேலையில் ஒரு கை உறைந்து போனது. என் கை இல்லை, திரையில் இருந்த பெண்ணின் கை.

காது கேளாதவர்களுக்கும் கேட்பவர்களுக்கும் நடுவே வீடியோவில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பது என் வேலை. சேலம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி. நிறைமாதக் கர்ப்பிணி, பிறவியிலேயே காது கேளாதவள். குழந்தை அசைகிறதா என்று டாக்டர் கேட்டார். நான் சைகையில் கேட்டேன். அவள் பதில் சொல்லக் கையைத் தூக்கினாள். அந்தக் கை நெஞ்சுக்கு நேரே அப்படியே நின்றுவிட்டது. திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. ஆமாம் என்று இறங்கப் போகும் கையா, இல்லை என்று விலகப் போகும் கையா, எனக்கு எப்படித் தெரியும்? டாக்டர் "என்ன சொல்றாங்க, என்ன சொல்றாங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஊகித்துச் சொல்ல நான் ஜோசியக்காரி இல்லை. சென்னை அலுவலகத்தில் இருந்த இன்னொருத்தி அந்த அழைப்பை வாங்கிக்கொண்டாள். குழந்தை அசைகிறதாம்.

பிறகு எங்கள் மேலாளர் வித்யா மேடம் கூப்பிட்டார். "ஆவுடை, மொபைல் சிக்னலை நம்பி இனிமே உங்களுக்கு கால் தர முடியாது. முப்பதாம் தேதிக்குள்ள வீட்டுக்கு வயர் லைன் வரணும். இல்லைன்னா ஒண்ணாம் தேதி சென்னை ஆபீஸ்ல வந்து உக்காருங்க."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எரிச்சல்.

தை மாதம் அப்பா போனபின் அம்மாவுக்காகத்தான் இந்த ஊருக்கு வந்தேன். அம்மாவுக்கும் அப்பாவைப் போலவே காது கேட்காது. லைன் வராவிட்டால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போய்விடுவேன். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. பலசரக்குக் கடையில் அட்டைப்பெட்டிகள் கூடக் கேட்டு வாங்கி வந்துவிட்டேன்.

ஜூன் 4, புதன்

வயர் லைன் தரும் கம்பெனியின் இணையதள வரைபடத்தில் ஊர் முழுக்கப் பச்சை. பின்கோடு போட்டதும் "உங்கள் பகுதியில் எங்கள் சேவை உள்ளது" என்று வந்தது. பதிவு செய்தேன். இவ்வளவு சுலபமா என்று இருந்தது.

தெருமுனையில் குடிதண்ணீர்க் குழாய் உடைந்ததற்காகத் தெற்கு ரதவீதியைக் குறுக்கே தோண்டிப் போட்டிருக்கிறார்கள். காய் வாங்கப் போனால் பலகை மேல் சர்க்கஸ். நகராட்சியைத் திட்டிக்கொண்டே போய், திட்டிக்கொண்டே வந்தேன்.

ஜூன் 6, வெள்ளி

யாரும் வரவில்லை. கூப்பிட்டேன்.

"உங்க ஏரியாவுல சர்வீஸ் இருக்குங்க மேடம்."

"எங்க வீட்ல இல்லையேம்மா."

"ஏரியாவுல இருக்குங்க மேடம்."

இப்படியே கொஞ்ச நேரம். கடைசியில் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் எழுந்தது. யாரிடம் கத்துகிறாய் என்று அம்மா கையால் கேட்டாள். சுவரிடம் என்றேன். அம்மா ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து அதில் வெங்காயத்தைக் கொட்டி வைத்தாள்.

ஜூன் 7, சனி

அந்தக் கம்பெனிக்கு இங்கே ஆள் பிரமநாயகம், கேபிள் டிவிக்காரர். கடையில் போய்ப் பிடித்தேன்.

"அந்தப் படத்த நம்பியா வந்திய? ஒரு வார்டுல ஒரு வீட்டுக்குக் குடுத்தா வார்டு பூரா பச்சை அடிச்சிருவாங்க. நெசத்துல நம்ம ஊரு உளுந்த வடை மாதிரில்லா. சுத்தி இருக்கு, நடுவுல இல்ல."

நடு என்றால் நான்கு ரதவீதிகளுக்கு உள்ளே இருக்கும் தெருக்கள். எங்கள் நந்தவனத் தெரு அதில் ஒன்று.

"ஏன் இல்ல?"

"எந்த வயரும் ரதவீதியத் தாண்டித்தான உள்ள வரணும். மேல இழுத்தா ஆனித் தேருக்கு அறுத்துருவாங்க. டிவி வயருன்னா முறுக்கிக் கட்டிரலாம். இது கண்ணாடி நூலு. வருசா வருசம் வந்து ஒட்டிக் குடுக்க எவன் வருவான்?"

"அப்ப கீழ கொண்டு வாங்க."

"கீழன்னா ரோட்ட வெட்டணும். முனிசிபாலிட்டி பர்மிசன் வேணும். அதுக்கு என் ஆயுசு பத்தாது, ஒங்க ஆயுசையும் சேத்துக்கிட்டாலும் சந்தேகந்தான்."

ஜூன் 8, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை என்றால் அம்மா ரெஜினா ஆன்ட்டியை வீடியோவில் கூப்பிடுவாள். பாளையங்கோட்டை காது கேளாதோர் பள்ளியில் விடுதித் தோழி. இப்போது கோலாலம்பூரில் மகனோடு இருக்கிறார். இன்று அம்மா நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்து, தலை சீவி, எதையோ நீளமாகச் சொல்ல ஆரம்பித்தாள். ஆன்ட்டியின் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. அம்மா மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடி உடைந்தது. அணைத்துவிட்டு, வழக்கம்போல ஒரு ரோஜாப்பூ படத்தை அனுப்பினாள். இருவருக்கும் எழுத்து அவ்வளவாக வராது.

என்ன சொல்ல வந்தாய் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று புளி ஆயப் போய்விட்டாள்.

ஜூன் 9, திங்கள்

நகராட்சி அலுவலகம். இளநிலைப் பொறியாளர் ஒரு சின்ன வயதுப் பெண், நிலோபர். சண்டை போடத் தயாராகப் போயிருந்தேன். அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னதில் பாதிக் கோபம் வீணாகிவிட்டது.

"ரோடு வெட்டணும்னா கம்பெனி விண்ணப்பிக்கணும். கவுன்சில்ல வைக்கணும். அதவிட, இது புது ரோடு. இப்போதைக்கு வெட்ட விடமாட்டோம்க்கா."

எழுந்துவிட்டேன். வாசல் வரை போனபின் கேட்டாள்.

"எந்தத் தெருன்னு சொன்னீங்க?"

"நந்தவனத் தெரு."

"அந்த முக்குலதான குடிதண்ணிப் பைப்புக்குத் தோண்டிப் போட்டிருக்கோம்?"

திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

"அதுல உங்க வயருக்கு ஒரு பைப்பைச் சேத்துப் போட்டா ரோடு வெட்டுற கணக்குல வராது. நானே குறிப்பு எழுதி ஆணையர் கையெழுத்து வாங்கிர்றேன். ஆனா தேர் ஓடுற ரோடு. கோயில்லேருந்து ஆட்சேபம் இல்லன்னு கடுதாசி வேணும். இருபத்திரெண்டாம் தேதி பள்ளத்த மூடிருவோம். இருபத்தஞ்சு கொடியேத்தம். கொடி ஏறிட்டா ரதவீதியில கடப்பாரை படக்கூடாது, உங்களுக்கே தெரியும்."

தெரியும். தேருக்குப் பிறகு அந்த ரோட்டை வெட்டவே விடமாட்டார்கள் என்பதும் தெரியும். இந்தப் பள்ளம் திறந்திருக்கும் வரைதான் எனக்கு வழி.

ஜூன் 10, செவ்வாய்

பலகை மேல் நடக்கும்போது இன்று யாரையும் திட்டவில்லை.

ஜூன் 12, வியாழன்

கோயில் செயல் அலுவலர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "சங்கரலிங்கம் சரின்னா நான் கையெழுத்துப் போடுதேன்."

சங்கரலிங்கம் என்பவர் தேருக்குச் சறுக்குப் போடும் ஆட்களுக்குத் தலைவர். ஊரே வடம் பிடித்து இழுத்தாலும் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்துக்கு அடியில் இவர்கள் கொடுக்கும் மரக்கட்டைதான். தேர்க்கொட்டகையில் அந்தக் கட்டைகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"குழாயா? அந்த வீதியிலயா?" தலையைத் தூக்கவே இல்லை. "முன்னால டெலிபோனுக்குன்னு தோண்டி, மேலாப்புல மண்ணத் தள்ளி மூடிட்டுப் போனானுவ. தேரு சக்கரம் அச்சு வரைக்கும் எறங்கிட்டு. சாமி நடுவீதியில நின்னுச்சு. ஊரு பூரா என் மூஞ்சியப் பாத்துச்சு. போங்கம்மா."

"ஒருநா ஓடுற தேருக்காக வருசம் பூரா நாங்க நெட்டு இல்லாம கெடக்கணுமா?"

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் கட்டையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ஊரை விட்டுப் போய் அத்தனை வருடமாகிறது. நான் யார் மகள் என்று சொல்லியிருக்கலாம். அப்பா பெயரைச் சொல்லிக் காரியம் சாதிக்க எனக்கு இஷ்டமில்லை. அவ்வளவுதான், வேறொன்றுமில்லை.

ஜூன் 13, வெள்ளி

மூட்டை கட்ட ஆரம்பித்தேன். கொடி ஏறிவிட்டால் தேர் நிலைக்கு வரும்வரை இந்த ஊர்க்காரர்கள் வெளியூரில் இரவு தங்கமாட்டார்கள். ஆகவே போவதென்றால் இருபத்தைந்துக்கு முன் கிளம்ப வேண்டும். அம்மாவிடம் சொன்னேன்.

நீ போ, நான் வரவில்லை என்றாள்.

சென்னையில் கடற்கரை இருக்கிறது, காது கேளாதோர் சங்கம் இருக்கிறது என்று அடுக்கினேன். அம்மா ஜன்னலுக்கு வெளியே காட்டினாள். பால்காரர் சைக்கிளில் இருந்தபடியே நாளைக்கு எவ்வளவு என்று விரலால் கேட்டார். எதிர்வீட்டு முத்துலட்சுமி மதினி, மாமியார் மேல் இருக்கும் குறையையெல்லாம் கையாலேயே கொட்டுவாள். அந்த மாமியாருக்கு ஒன்றும் புரியாது. கடைக்கார அண்ணாச்சி முழங்கால் வலி எப்படி என்று முழங்காலைத் தட்டிக் கேட்பார். இந்தத் தெரு கொஞ்சம் கொஞ்சம் கையால் பேசும். சென்னையில் மூன்றாவது மாடியில் அம்மாவிடம் பேச நான் ஒருத்திதான் இருப்பேன்.

நான் மறுபடி ஆரம்பித்ததும் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அம்மா கண்ணை மூடிவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதற்கு மேல் வாதாட வழி கிடையாது.

இரண்டாவது பெட்டியில் தேங்காய் ஏறியிருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

யார் மாட்டேன் என்றது என்று அம்மா கேட்டாள். சொன்னேன். உள்ளங்கையின் கீழ் இன்னொரு கையைச் சொருகிக் காட்டி, சறுக்குக்காரரா என்றாள். ஆமாம் என்றேன். அந்தச் சைகையை நான் பார்த்துப் பல மாதமாகிறது. எங்கள் வீட்டில் அதுதான் அப்பாவின் பெயர்.

அம்மா நாளைக்குக் கட்ட வேண்டிய சேலையை எடுத்து வெளியே வைத்தாள்.

ஜூன் 17, செவ்வாய்

இன்று நடந்ததை முழுக்க எழுத வேண்டும்.

தேர்க்கொட்டகைக்குள் அம்மா முதலில் நுழைந்தாள். சங்கரலிங்கம் நிமிர்ந்து பார்த்தார். எழுந்தார், தோளில் கிடந்த துண்டை எடுத்தார். பிறகு கையைத் தூக்கிப் பேச ஆரம்பித்தார்.

பால்காரர் காட்டும் இரண்டு விரல் இல்லை. நிஜமான பேச்சு. அம்மா பதில் சொன்னாள். அவர் கேட்டார், அம்மா சிரித்தாள், அவர் தரையைக் காட்டி எதையோ விளக்கினார், அம்மா இல்லையென்று கையை வெட்டினாள். சான்றிதழ் வாங்கிய மொழிபெயர்ப்பாளர் நான், எனக்குப் பாதிதான் பிடிபட்டது. தூணோடு தூணாக நின்றேன்.

கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"பிச்சையா அண்ணன் மவளா நீ? அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா."

தூணை விட்டு முன்னால் வந்தேன்.

"கொட்டும் மேளமும் சனங்க கூச்சலுமா தேரடியில ஒருத்தன் சொல்லுதது ஒருத்தனுக்குக் கேக்காது. அங்க எல்லாருமே செவிடுதான். கைய வச்சுத்தான் வேலை. ஏறு, எறங்கு, கட்டைய உருவு, கொஞ்சம் விடு, அம்புட்டும் ஒங்க அப்பா எங்களுக்குப் பழக்கிவிட்டது. இடது பின்சக்கரம் அவருக்குத்தான். இந்த வருசம் அந்தச் சக்கரத்துக்கு இன்னும் ஆள் அமையல."

அப்பா சறுக்குப் போடுவார் என்று எனக்குத் தெரியும். இவர்கள் பேசும் பேச்சு அப்பாவுடையது என்று தெரியாது. வீட்டில் பேசிய கைதானே என்று இருந்துவிட்டேன்.

சங்கரலிங்கம் வாயாலும் கையாலுமாக மூன்று விஷயம் கேட்டார். குழாய் நெஞ்சளவு ஆழத்தில் போக வேண்டும். மேலே மணலைத் தண்ணீர் விட்டு இறுக்கி, மண் ஏற்றிய லாரியை அதன் மேல் ஓட்டிக் காட்ட வேண்டும். மூன்றாவதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

"தேரன்னைக்கி ஒங்க அம்மா, வடிவு மதினி, அந்த முக்குல நிக்கணும். முன்சக்கரத்துப் பக்கம் நிக்கிற எனக்குப் பின்னால மண்ணு எறங்குதது தெரியாது. வேற ஆளு கையத் தூக்குனா பதட்டத்துல தூக்குதான்னு நெனப்பேன். மதினி தூக்குனா தேரு நிக்கும்."

சங்கதி என்னவென்று அம்மா என்னிடம் கேட்கவே இல்லை. அதற்குள் அவரிடமே சரி என்று சொல்லிவிட்டாள்.

ஜூன் 18, புதன்

செயல் அலுவலர் கையெழுத்துப் போட்டார். நிலோபர் குறிப்பு எழுதினாள். கேஸ் சிலிண்டரும் வந்தது. இப்படி ஒரு நாள் நம் வீட்டுக்கு எப்போதாவது வரும்.

ஜூன் 19, வியாழன்

புதன்கிழமையைப் பற்றி அவசரப்பட்டு எழுதிவிட்டேன்.

"ஒரு வீட்டுக்குன்னா கம்பெனி பைப்பு தராதாம்மா" என்று பிரமநாயகம் வந்து நின்றார். "தெருவுல பாதிப் பேராவது கேக்கணுமாம். நாளைக்குப் பாப்போம்." அவருக்கு எல்லாமே நாளைக்குத்தான்.

நான் அவரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தபோது அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வந்தபோது முத்துலட்சுமி மதினி, டியூஷன் எடுக்கும் எபனேசர் சார், துபாயில் புருஷன் இருக்கும் தையல்கடை ராபியா, இன்னும் தெருவில் முக்கால்வாசிப் பேர் அம்மாவுக்குப் பின்னால் வந்தார்கள்.

"எங்க வீட்டுக்காரர் மூஞ்சிய நான் ஒழுங்காப் பாத்தே வருசமாச்சு" என்றாள் ராபியா. "எங்க கையெழுத்துப் போடணும், அதச் சொல்லுங்க."

பிரமநாயகம் சட்டைப்பையைத் துழாவினார். பேனாதான் தேடினார்.

ஜூன் 21, சனி

பைப் இறங்கியது. நெஞ்சளவு ஆழம் இருக்கிறதா என்று பார்க்கச் சங்கரலிங்கம் தானே பள்ளத்தில் இறங்கி நின்றார். சாயங்காலம் ஒரு தூறல். மணல் கரைந்துவிடுமோ என்று பள்ளத்தையே சுற்றி வந்தேன். மணல் இறுகத் தண்ணீர் விட வேண்டியதை வானமே விட்டுவிட்டது என்று நிலோபர் சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமையும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

ஜூன் 23, திங்கள்

நேற்று மூடினார்கள். இன்று மண் லாரி அதன் மேல் போனது, வந்தது, நடுவில் நின்றது. சங்கரலிங்கம் தார் ரோட்டில் குப்புறப் படுத்துக் கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தார். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். எங்கள் இரண்டு பேரில் அம்மாவிடம் மட்டும் தலையசைத்தார்.

ஜூன் 25, புதன்

கொடி ஏறிவிட்டது. லைன் இன்னும் வரவில்லை. இனி நினைத்தாலும் ஊரை விட்டுப் போக முடியாது. மேடத்திடம் இதை எப்படிச் சொல்வது என்று கவலைப்பட வேண்டும். பாயசம் வைத்தேன்.

ஜூன் 28, சனி

ரதவீதிக்குக் கீழே வந்த வயரைச் சுவர் ஓரமாகவே தெரு முழுக்க ஓட்டிவிட்டார்கள், கடப்பாரைக்கு வேலையில்லை. வீட்டில் ஒரு வெள்ளைப் பெட்டி மாட்டியாயிற்று. அதில் சிவப்பு விளக்கு. "நாளைக்குப் பச்சையாயிரும்" என்றார் பிரமநாயகம்.

ஜூன் 29, ஞாயிறு

சிவப்பு. அம்மா அந்தப் பெட்டிக்கு விபூதி பூசியிருக்கிறாள்.

ஜூன் 30, திங்கள்

மத்தியானம் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அம்மா வந்து முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பச்சை.

மேடத்தை வீடியோவில் கூப்பிட்டேன். அரிசி கழுவிய கையைக் காட்டினேன்.

"நகத்துல மருதாணி போயிருக்கறது வரைக்கும் தெரியுது ஆவுடை. நாளைக்கு இங்க வர வேண்டாம். வீட்லேருந்தே லாகின் பண்ணுங்க."

அந்தச் சேலத்துப் பெண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்றும் சொன்னார். நான் அழுதேன். கேமரா அவ்வளவு தெளிவாக இருப்பதில் ஒரு கஷ்டமும் இருக்கிறது.

ரெஜினா ஆன்ட்டியைக் கூப்பிடு என்று அம்மாவிடம் போனைக் கொடுத்தேன். வாங்கவில்லை. தேர் தாண்டட்டும் என்றாள். வாக்குக் கொடுத்தவள் அவள். சக்கரம் அந்த இடத்தைக் கடக்கும் வரை அந்த வயரை அவள் தொடமாட்டாளாம்.

ஜூலை 3, வியாழன்

தேர்.

காலையிலேயே அம்மா தெருமுனையில் போய் நின்றுவிட்டாள். நான் பக்கத்தில் நின்றேன். என்னால் ஒன்றும் ஆகப்போவதில்லை, ஆனாலும் நின்றேன். சக்கரம் இறங்கினால் லைன் போகும், அது பரவாயில்லை. அம்மா இந்தத் தெருவில் இனி எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள்? சங்கரலிங்கம் எப்படி நடப்பார்? கேட்டு வாங்கியது நான்.

கிழக்கு ரதவீதி திரும்பித் தேர் தெற்கே வந்தது. மேளம், வேட்டு, கூச்சல். அம்மாவின் உள்ளங்கால்களுக்கு மட்டும் அது அதிர்வாக வந்துகொண்டிருக்கும். அவள் கண் மட்டும் ரோட்டை விட்டு நகரவில்லை.

முன்சக்கரம் பள்ளம் மூடிய இடத்தில் ஏறியது. நின்றது. கட்டை கொடுத்தார்கள். சங்கரலிங்கம் கூட்டத்துக்கு மேலே அம்மாவைத் தேடினார். அம்மாவின் இரண்டு கையும் நெஞ்சுக்கு நேரே இருந்தன, அசையாமல். சேலத்துப் பெண்ணின் கை நின்றது போலவே நின்றன. அம்மா குனிந்து தரையைப் பார்த்தாள். அவ்வளவு நிதானமாக அவளால் எப்படிப் பார்க்க முடிந்ததோ. பிறகு ஒரு கையை முன்னால் வீசினாள்.

விடு.

கட்டையை உருவினார்கள். வடம் விறைத்தது. முன்சக்கரம் அந்த இடத்தைத் தாண்டிப் போனது. இடது பின்சக்கரம் வந்தது. அதற்குப் புது ஆள் ஒருவன் கட்டையோடு குனிந்து ஓடினான். அம்மா அவனுக்கும் வீசினாள். அதுவும் போனது. தார் ரோட்டில் ஒரு கோடுகூட விழவில்லை.

சங்கரலிங்கம் திரும்பிப் பார்த்து ஒரு கையின் கீழ் இன்னொரு கையைச் சொருகினார். சறுக்கு என்று சொன்னாரோ, அப்பாவின் பெயரைச் சொன்னாரோ. அம்மா அதையே திருப்பிச் செய்தாள்.

நானும் செய்தேன். ஆறு மாதத்தில் இதுதான் முதல் தடவை.

ஜூலை 4, வெள்ளி

பெட்டிகளை மடித்துப் பரணில் போட்டேன். வெங்காயத்தைக் கூடைக்கு மாற்றினேன்.

அம்மா தலை சீவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். போனைச் செம்பில் சாய்த்து வைத்தாள். ரெஜினா ஆன்ட்டி வந்தார். முகம் உடையவில்லை, கை நிற்கவில்லை. இருவரும் கொஞ்ச நேரம் சும்மா ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

பிறகு அம்மா அப்பாவின் பெயரைக் கையால் சொன்னாள். அடுத்து, அன்று காலை எழுப்பினேன், எழுந்திருக்கவில்லை என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தை மாதத்திலிருந்து அம்மா இதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ரோஜாப்பூ படத்தில் இதைச் சொல்ல முடியாது. என்னிடம் சொல்ல, நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஆன்ட்டி அங்கே வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு சொல்லு, சொல்லு என்று கையை ஆட்டினார்.

எழுந்து வெளியே வந்தேன். எங்கள் வீட்டில் ஒட்டுக்கேட்பது கண்ணால்தான். இது எனக்கான பேச்சில்லை. அம்மா என்னிடம் சொல்ல வேண்டியதை நான் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டுக்கொள்வேன்.

தெருவில் நின்று சுவரோரம் போகும் வயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வாசலில் முத்துலட்சுமி மதினி முறத்தோடு வந்தாள். அம்மா எங்கே என்று கையால் கேட்டாள். அவளுக்கும் எனக்கும் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் இந்தத் தெருவில் அப்படித்தான்.

பேசிக்கொண்டிருக்கிறாள் என்று நானும் கையாலேயே சொன்னேன்.